எட்டாம் வகுப்பு மகளின் பேஸ்கட்பால்: நிறுத்தலாமா?

வணக்கம் அம்மா. மகள் தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கிரவுண்டிலேயே கிடக்கிறாள், பத்தாவது வருவதற்குள் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு நாள் நீங்களே போய் உட்கார்ந்து பாருங்கள்.

வந்ததும் இரண்டு அணியாகப் பிரித்து மேட்ச் ஆடவிட்டு, கோச் ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்தால் அது பயிற்சியே இல்லை. இந்த வயதில் கையும் காலும் பழக வேண்டும். வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது கையால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகவும் (டிரிபிள்), இடது பக்கமாக ஓடிவந்து ரிங்குக்குக் கிட்டே எம்பிப் பந்தைப் போடவும் (லே-அப்) சொல்லித்தருகிறார்களா, ஓடிவந்து பந்தை வாங்கியதும் டிராவல் ஆகாமல், அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்காமல், நின்று திரும்பக் கற்றுத்தருகிறார்களா, எல்லோரும் களைத்துப்போன பிறகு பத்து ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கோட்டில் நின்று தனியாகப் போடும் பந்து) போடவைத்து எத்தனை விழுந்தது என்று எழுதிவைக்கிறார்களா, இதையெல்லாம் பாருங்கள். ஃப்ரீ த்ரோ கோடு போர்டிலிருந்து 4.6 மீட்டர்தான், யாரும் குறுக்கே வந்து மறிக்கப்போவதில்லை, நல்ல உயரமும் தேவையில்லை, அப்படியும் கையில் இருந்த மேட்ச் அங்கேதான் போகிறது. பந்தையும் கவனியுங்கள். பெண்களுக்கு 6ஆம் எண் பந்து. பையன்களுடைய 7ஆம் எண் பந்திலேயே ஆடினால், ரிங்கை எட்டவைப்பதற்காக இடுப்பிலிருந்து தூக்கி எறியப் பழகிவிடுவாள், அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.

முழங்கால் வலிக்கிறது என்று மகள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே விடாதீர்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கமாக வளைகிறதா என்று பாருங்கள். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இரண்டு காலிலும் சமமாக, முழங்காலை மடக்கி இறங்கக் கற்றுத்தர வேண்டியது கோச்சின் வேலை. வலி இருக்கும்போதே ஓடச் சொல்கிறார் என்றால் கோச்சை மாற்றுங்கள்.

சரி, எதிர்காலம். சென்னையில் வளர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குக் கேப்டனாக ஆடினார், தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்தார், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். எல்லோருக்கும் அது அமையாதுதான். ஆனால் ரயில்வே, வருமான வரித்துறை போன்ற இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை இருக்கிறது, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலும் 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கெல்லாம் கேட்பது சான்றிதழ். மத்திய அரசு வேலை என்றால், மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2இலும், பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்குப் படிவம் 4இலும் அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும். தனியார் அகாடமிகள் நடத்தும் டோர்னமென்ட்டில் வாங்கிய கோப்பை வீட்டு அலமாரிக்கு அழகு, இந்தக் கணக்கில் வராது. அதனால் அப்படிப்பட்ட போட்டிகளுக்கு ஊர் ஊராகப் பணம் கட்டி அனுப்புவதைவிட, மாவட்டத் தேர்வுக்கும் பள்ளி விளையாட்டுகளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று பி.டி. டீச்சரிடம் கேளுங்கள்.

பத்தாவதில் வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், அதில் பாதி ஷூட்டிங்காக இருக்கட்டும். இனி எந்தச் சான்றிதழ் வந்தாலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அன்றைக்கே சரிபாருங்கள். நாலு வருஷம் கழித்துத் திருத்தக் கேட்டுப் போனால், கையெழுத்துப் போட்டவர் அந்தப் பதவியிலேயே இருக்கமாட்டார்.