வின்டர் டயருக்குத் தனி சென்சார் செட்: போடணுமா, க்ளோன் பண்ணணுமா, ஒவ்வொரு சீசனும் காசு கொடுக்கணுமா?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2017 செவர்லே ஈக்வினாக்ஸ் வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் ஒரே ரிம்மில் டயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த முறை நான்கு ஸ்டீல் ரிம்மும் வின்டர் டயரும் தனியாக வாங்கிவிட்டேன், அடுத்த வாரம் கடையில் ஏற்றப் போகிறார்கள். டயர் பிரஷர் சென்சாருக்குத் தனியாக ஒரு தொகை, அப்புறம் சீசன் மாறும்போதெல்லாம் 'ப்ரோகிராமிங்' என்று இன்னொரு தொகை சொல்கிறார்கள். போடாமல் விட்டால் என்ன? க்ளோன் செய்துவிட்டால் வருடா வருடம் செலவு இல்லை என்கிறான் நண்பன், சரியா? மனைவியின் 2018 சிவிக்குக்குப் போன வருடம் தனி ரிம் போட்டபோது சென்சார் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அது ஏன்?"

அடுத்த வாரம் ஏற்றுகிறார்கள் என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்சார் போடுங்கள். டயர் ஏறுவதற்கு முன்பே போடுங்கள். சீசனுக்கு சீசன் கட்டணம் கொடுக்காதீர்கள், உங்கள் வண்டிக்கு க்ளோனும் (பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் நகலெடுப்பது) தேவையில்லை. சென்சார் ரிம்முக்கு உள்ளே, வால்வின் அடியில் உட்காருகிற பொருள். டயர் ஏறி பாலன்ஸும் முடிந்த பிறகு "சரி, போட்டுவிடலாம்" என்று மனம் மாறினால் நான்கு டயரையும் ரிம்மிலிருந்து விலக்கி, திரும்ப உட்காரவைத்து, திரும்ப பாலன்ஸ் செய்ய வேண்டும். அந்தக் கூலியே சென்சார் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

போடாமல் விட்டால் வண்டி ஓடாது என்றெல்லாம் இல்லை. சாவி போட்டதும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கண் சிமிட்டிவிட்டு அப்புறம் அணையாமல் எரியும், அவ்வளவுதான். கனடாவில் டிபிஎம்எஸ், அதாவது டயர் பிரஷரைக் கண்காணிக்கிற இந்த ஏற்பாடு, சட்டப்படி கட்டாயமில்லை. ஒன்ராறியோவில் வின்டர் டயரே கட்டாயமில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம், அங்கும் கேட்பது டயரைத்தான், சென்சாரை அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. ஃபயர்ஸ்டோன் டயர் போட்ட ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு 2000-ல் அமெரிக்காவில் சட்டம் வந்து, 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் டிபிஎம்எஸ் கட்டாயமானது. வேலை செய்துகொண்டிருக்கிற பாதுகாப்புக் கருவியைக் கடைக்காரர் தெரிந்தே செயலிழக்கச் செய்யக்கூடாது என்றும் அங்கே சட்டம் இருப்பதால், பஃபலோவில் ஒரு கடைக்குப் போய் "சென்சார் வேண்டாம், ரிம்மை மட்டும் மாட்டுங்கள்" என்றால் தயங்குவார்கள்.

அப்படியானால் கனடாவில் இருக்கிறவர் ஏன் போட வேண்டும்? அந்த விளக்கு ஒன்றுதான் இருக்கிறது. சென்சார் காணவில்லை என்பதற்கும் அதுதான், காற்று இறங்கிவிட்டது என்பதற்கும் அதுதான். நான்கு மாதம் ஓயாமல் எரிகிற விளக்கை எந்த ஓட்டுநரும் பார்க்க மாட்டார். 401 நெடுஞ்சாலையில் போகும்போது ஆணி குத்தி ஒரு டயர் மெல்ல இறங்கினால் சொல்ல ஆள் இல்லை. அதைவிட மோசமான ஒரு வித்தை உண்டு: பழைய சென்சார்களை ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு, காற்றடைத்து மூடி, டிக்கியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள். குழாயில் காற்று குறையாத வரை நான்கு டயரும் நன்றாக இருப்பதாகக் கார் நம்பிக்கொண்டே இருக்கும். சாமர்த்தியம்தான், ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருப்பதே இதைவிடத் தேவலை, அதுவாவது பொய் சொல்லவில்லை.

குளிர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜனவரியில் விளக்கு எரிந்ததும் எல்லாரும் சென்சாரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரின் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) போகும். 20 டிகிரியில் இருக்கும் கடைக்குள் வைத்து 35 அடித்துவிட்டு, மைனஸ் 20-ல் வெளியே நிறுத்தினால், ஒரு ஓட்டையும் இல்லாமலே காலையில் 28 காட்டும். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவிலிருந்து 25 சதவீதம் குறைவதற்குள் விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது அமெரிக்க விதி. 35 போட வேண்டிய வண்டிக்கு அந்தக் கோடு 26-க்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பிஎஸ்ஐ குறைவாக இருந்த டயர் அந்தக் கோட்டை உரசிவிடும். கொஞ்ச தூரம் ஓட்டினால் டயர் சூடாகி அளவு ஏறும், விளக்கு அணைந்துவிடும், மறுநாள் காலை திரும்பவும் எரியும். இது சென்சார் கோளாறு அல்ல. குளிர்ந்த டயரில், வெளியே நின்று, ஸ்டிக்கர் அளவுக்கு அடியுங்கள், தீர்ந்தது.

சரி, எந்த சென்சார் வாங்குவது?

கடை சொல்கிற "ப்ரோகிராமிங்" என்பதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று புரியும். எல்லா வண்டிக்கும் பொதுவாக விற்கிற வெற்று சென்சார்கள் உண்டு, ஆட்டெல் எம்எக்ஸ், ஷ்ரேடர் ஈசி-சென்சார் மாதிரி. இவற்றுக்கு "நீ ஈக்வினாக்ஸ், 2017" என்று ஒரு கருவி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது வாழ்நாளில் ஒரு முறை நடக்கிற வேலை. இரண்டாவது வேலை, காருக்கு அந்த சென்சார்களின் ஐடி எண்களை அறிமுகப்படுத்துவது. கார் என்பது நான்கு பெயர் எழுதிய பதிவேடு வைத்திருக்கிற வாட்ச்மேன். பட்டியலில் இல்லாத ஐடி எவ்வளவு கத்தினாலும் கண்டுகொள்ளாது. வீல் செட் மாறும்போதெல்லாம் இந்தப் பட்டியலை மாற்ற வேண்டும், கடை சீசனுக்கு சீசன் கேட்கிற காசு இதற்குத்தான்.

உங்கள் செவர்லே ஜிஎம் கம்பெனியின் வண்டி. ஜிஎம் வண்டிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம், முதல் வேலையையே தவிர்த்துவிடலாம். ஜிஎம்மின் உதிரிபாகப் பிராண்டான ஏசிடெல்கோவிலோ டீலரிடமோ உங்கள் வண்டிக்கென்றே வருகிற சென்சாரை வாங்கினால் அது பிறக்கும்போதே மொழி தெரிந்து வருகிறது. வாங்கும்போது அதிர்வெண்ணை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்: உங்கள் 2017 வண்டி 315 மெகாஹெர்ட்ஸ். பிறகு வந்த ஜிஎம் வண்டிகள் 433-க்கு மாறிவிட்டன, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தவறானது உள்ளே போய்விட்டால் கார் அதைக் கேட்கவே கேட்காது. வண்டியின் விஐஎன் (அடையாள) எண்ணைக் கொடுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய சென்சாரை இணையத்தில் மலிவாக விற்பார்கள், அதன் பக்கம் போகாதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி பிசினில் புதைத்து மூடப்பட்டது, மாற்ற முடியாது. ஆயுள் ஐந்திலிருந்து பத்து வருடம். மிச்சம் எவ்வளவு என்று வெளியே பார்த்துத் தெரியாது.

வால்வைப் பற்றி ஒரு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும், இதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. சென்சாரோடு வருகிற வால்வு இரண்டு வகை: ரப்பர் தண்டு, அலுமினியத் தண்டு. நம் ஊர் ரோட்டில் கொட்டுகிற உப்புக்கு அலுமினியம் ஆகாது, சில குளிர்காலத்திலேயே நட்டு பூத்து இறுகி, கழற்றப் போனால் தண்டே முறிந்துவிடும். வின்டர் செட்டுக்கு, அதுவும் ஸ்டீல் ரிம்முக்கு, ரப்பர் தண்டு போதும், அதைத்தான் கேளுங்கள். உள்ளே இருக்கும் வால்வு கோர் (காற்று வெளியேறாமல் அடைக்கிற சின்னத் திருகு) நிக்கல் பூசியதாக இருக்கட்டும். அலுமினியத் தண்டுக்குள் சாதாரணப் பித்தளை கோரைத் திருகினால் இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் சண்டை போட்டு ஒட்டிக்கொள்ளும். மூடி பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது, பளபளக்கும் உலோக மூடிகளுக்கும் இதே கதிதான். ஸ்டீல் ரிம்மின் பள்ளத்தில் சென்சார் இடிக்காமல் உட்காருகிறதா என்று முதல் ரிம்மில் பார்த்துவிட்டு மற்றதில் போடச் சொல்லுங்கள்.

இப்போது நண்பர் சொன்ன க்ளோன். உங்கள் கோடைக்கால சென்சாரின் ஐடியைப் படித்து, அதே எண்ணை ஒரு வெற்று சென்சாரில் எழுதுவது. காருக்கு வீல் மாறியதே தெரியாது, பட்டியலை மாற்றும் வேலை கிடையாது. நல்ல யோசனை, யாருக்கு என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி பிளக்கில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற இணைப்பு) கருவி செருகினால்தான் புது ஐடி ஏறும் என்கிற வண்டிகளுக்கு. பல டொயோட்டாக்கள் அந்த ரகம். சில டொயோட்டா, லெக்ஸஸ் மாடல்களில் இரண்டு செட் ஐடியையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு, மெனுவிலோ பட்டனிலோ மாற்றிக்கொள்ளலாம், அதனால் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் செலவு செய்வதற்கு முன் மேனுவலைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் க்ளோன் எதற்கு? உங்கள் வண்டியில் வந்த சென்சார்கள் 2017-லிருந்து ஓடுகின்றன, எந்த நாளும் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கலாம். செத்ததை மாற்றும்போது புதியதையும் அதே எண்ணுக்கு எழுத வேண்டும், அதாவது மறுபடி வெற்று சென்சார், மறுபடி கருவி, மறுபடி கடை. தவிர இடது முன் க்ளோன் இடது முன்னில்தான் இருக்க வேண்டும். டயரை ரொட்டேட் செய்தால் திரையில் காட்டும் இடமும் நிஜமான இடமும் பொருந்தாது.

ஈக்வினாக்ஸில் பட்டியலை மாற்றுவது வீட்டு வாசலில் ஐந்து நிமிட வேலை. இஎல்-50448 என்ற பெயரில் கையடக்கமான ஒரு ட்ரிகர் கருவி விற்கிறது, ஜிஎம்மிற்கென்றே உள்ளது, விலை பெரும்பாலும் கடையில் ஒரு முறை கேட்கிற கட்டணத்தைத் தாண்டாது. சென்சார்கள் வண்டி நிற்கும்போது தூங்கும். இந்தக் கருவி 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு தட்டு தட்டி எழுப்பி "உன் எண்ணைச் சொல்" என்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. வெற்று சென்சாருக்கு மொழி சொல்லித்தர அதனால் முடியாது, அதனால்தான் வண்டிக்கென்றே வருகிற சென்சாரை வாங்கச் சொன்னேன்.

முதலில் நான்கிலும் சரியான காற்று இருக்கட்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை ஆனில் வைத்து, ஸ்பீடோமீட்டர் பக்கத்துத் திரையில் டயர் பிரஷர் பக்கத்துக்குப் போய் செட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஹார்ன் இரண்டு முறை கூவும், டயர் லேர்னிங் ஆக்டிவ் என்று வரும். ஓட்டுநர் பக்கம் முன் சக்கரத்தில் தொடங்குங்கள்: வால்வுக்குப் பக்கத்தில் டயரின் பக்கச்சுவரோடு கருவியை ஒட்டிப் பிடித்து பட்டனை அழுத்தினால் ஹார்ன் ஒரு முறை கூவும். அடுத்து பயணி பக்கம் முன், பயணி பக்கம் பின், கடைசியில் ஓட்டுநர் பக்கம் பின். காரை வலம் வருவது போல ஒரே சுற்று. வரிசை மாறினால் எண்கள் இடம் மாறிப் பதிவாகிவிடும். முதல் சக்கரத்துக்கு இரண்டு நிமிடம், மொத்தம் ஐந்து நிமிடம்தான் அவகாசம் தரும், தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹார்ன் கூவவில்லை என்றால் கருவியின் பேட்டரியைப் பாருங்கள், பக்கத்தில் இன்னொரு கார் இதே வேலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதன் சென்சார் உங்கள் காரில் ஏறிவிட வாய்ப்பு உண்டு. கோடை வீல்களையும் கராஜில் கொஞ்சம் தள்ளியே வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு வழி வேறாக இருக்கும். பல பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வண்டிகள் ஓடும்போது தாமாகவே புது சென்சாரைக் கற்றுக்கொள்கின்றன. ஃபோர்டில் சாவியையும் பிரேக்கையும் வைத்து ஒரு சடங்கு உண்டு. டெஸ்லாவின் புதிய மாடல் 3, மாடல் ஒய் வண்டிகள் ப்ளூடூத் சென்சாருக்குப் போய்விட்டதால் பழைய டெஸ்லா சென்சார் அவற்றில் எடுபடாது. ஓபிடி தேவைப்படும் வண்டிக்காரர்கள் ஏடெக் குயிக்செட் மாதிரி வீட்டு உபயோகக் கருவியைப் பார்க்கலாம், கோடை ஐடி, வின்டர் ஐடி இரண்டையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஏற்றும். எந்த வண்டியானாலும் கடையில் ஏற்றும் நாளில் நான்கு சென்சாரின் ஐடி எண்களையும் பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாடி ஒன்று பேசாமல் போனால் டயரைக் கழற்றாமலே தட்டச்சு செய்து ஏற்ற முடிகிற கருவிகள் இருக்கின்றன.

கடைசியாகச் சிவிக். அங்கே யாரும் சென்சார் பற்றிப் பேசாததற்குக் காரணம், அந்த வண்டியின் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயர் உருளும் சுற்றளவு கொஞ்சம் சிறுத்துவிடும், அதனால் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுழலும், அதை ஏபிஎஸ்ஸின் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு) வேக உணரிகள் பிடித்துவிடும். எந்த ரிம் போட்டாலும் வேலை செய்யும், பைசா செலவில்லை. ஆனால் நான்கு டயரிலும் குளிரால் ஒரே அளவு காற்று இறங்கினால் இந்த ஏற்பாடு எளிதில் ஏமாந்துவிடும், பிஎஸ்ஐ எண்ணையும் காட்டாது. வீல் மாற்றியதும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, வண்டி நிற்கும்போது செட்டிங்ஸில் வெஹிக்கிள் பகுதிக்குப் போய் டிபிஎம்எஸ் காலிப்ரேஷன் கொடுக்க வேண்டும். பிறகு மணிக்கு 50 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஓடினால் கற்றுக்கொள்ளும். போன வருடம் கடையில் இதைச் செய்தார்களா என்று தெரியாவிட்டால் இப்போதே ஒரு முறை செய்துவிடுங்கள், கேஜ் வைத்துப் பார்த்த பிறகு மட்டும். 25-ல் நிற்கிற டயரை வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்தினால், 25-தான் சரியான அளவு என்று சிவிக் எடுத்துக்கொள்ளும்.