ஹைஸ்மன் கோப்பை வெல்பவர்தான் தன் கான்ஃபரன்ஸிலும் (கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) சிறந்த வீரராகத் தேர்வாவாரா?

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஹைஸ்மன் நாடு முழுவதற்குமான விருது. கான்ஃபரன்ஸ் விருதுகள் தனி. பிக் டென் கான்ஃபரன்ஸின் சிறந்த வீரருக்கான வெள்ளிப் பந்தை சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1924-இல் தொடங்கியது. முதலில் வாங்கியவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச்.

1975-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஓட்டக்காரர் ஆர்ச்சி கிரிஃபின் இரண்டாம் முறையாக ஹைஸ்மன் வென்றார். ஆனால் வெள்ளிப் பந்து அதே அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்துபவர்) கார்னீலியஸ் கிரீனுக்குப் போனது. கிரிஃபின் ஓடுவதற்குப் பந்தைக் கையில் கொடுத்தவரே அவர்தான்! எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஓடுபவரோடு ஆட்டத்தை நடத்துபவரையும் கவனித்திருக்கிறார்கள்.

அப்புறம், தாக்குதல் வீரருக்கும் தடுப்பு வீரருக்கும் பிக் டென்னில் தனித்தனி விருதுகளும் உண்டு.