முதல் முப்பது நாள் காசு கட்டாதீர்கள்: கோடிங் கோர்ஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்தக் கோர்ஸ் சார் நல்லது?" என்ற ஒற்றை வரிதான். என்ன படித்திருக்கிறார், கையில் எவ்வளவு பணம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார முடியும், ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நானும் ஒற்றை வரியில் சொல்லிவிடுகிறேன். முதல் 30 நாள் இலவசமாகக் கிடைப்பதில் உட்காருங்கள், அதுவரை யாருக்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கொஞ்சமாவது விவரம் எழுதியவர்களுக்குப் பதில் கீழே.

அண்ணே, அப்பா விசைப்படகுக்குப் போறாங்க, நானும் கூடப் போவேன். பி.எஸ்சி. முடிச்சிருக்கேன். தடைக்காலத்துல ரெண்டு மாசம் சும்மாதான் இருப்பேன். அதுக்குள்ள கோடிங் படிச்சு வேலைக்குப் போயிர முடியுமா?
– தங்கச்சிமடம்

வேலைக்குப் போக முடியாது தம்பி. முடியும் என்று யாராவது சொன்னால் அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பது சின்ன விஷயமில்லை. நாளைக்கு நாலு மணி நேரம் வைத்தாலும் 244 மணி நேரம் வருகிறது. இந்த வேலை உங்களுக்கு ஒத்து வருமா என்று தெரிந்துகொள்ள அது தாராளம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடத்தை எடுங்கள். வீடியோ, வீட்டுப்பாடம், அதைத் திருத்தும் கருவி எல்லாமே இலவசம். பாடத்தை ஒழுங்காக முடித்தால் ஹார்வர்ட் தளத்திலேயே இலவசச் சான்றிதழும் உண்டு. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளம் வழியாக வரும் சான்றிதழுக்குத்தான் காசு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். முதல் வாரம் ஸ்கிராட்ச், கட்டங்களை இழுத்து ஒட்டிக் கோடிங் செய்வது, விளையாட்டு மாதிரி இருக்கும். அடுத்தது சி மொழி. கணினி நினைவகத்தின் முகவரியைக் கையாளும் பாயின்டர் வரும் இடத்தில் பலர் கழன்றுகொள்வார்கள். அங்கே இரண்டு நாள் திணறிவிட்டு மூன்றாம் நாளும் வந்து உட்கார்ந்தீர்களென்றால் உங்களுக்கு இது வரும்.

வெப்சைட் செய்யும் பக்கம்தான் ஆசை என்றால் ஃப்ரீகோட்கேம்ப் தளம். 2014-லிருந்து இருக்கிறது, பெயரிலேயே ஃப்ரீ. ஏதாவது ஒன்று போதும், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள்.

ஒன்று மட்டும். வீடியோவைப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள். அப்பா கிழிந்த வலையைத் தைக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே உங்களுக்குக் கை பழகிவிட்டதா? பத்து நிமிடம் பார்த்தால் அரை மணி நேரம் தட்டிப் பார்க்க வேண்டும். கடலுக்குத் திரும்பிய பிறகு நாளைக்கு ஒரு மணி நேரம் விடாமல் வைத்தால், இன்னொரு வருடத்தில் வேலை தேடுவது பற்றிப் பேசலாம்.

காக்கா (அண்ணே), நான் துபாயில் இருக்கிறேன். மகன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான். ஒரு லட்சம் வரை கட்டத் தயார். பெஸ்ட் கோர்ஸ் ஒன்று சொல்லுங்கள்.
– கீழக்கரை

பணம் எவ்வளவு என்று எழுதிவிட்டீர்கள். மகனுக்கு இதில் விருப்பமா என்று ஒரு வார்த்தை இல்லை. வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளி வாப்பாக்களின் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அங்கே வெயிலில் நின்று சேர்த்த பணம் என்பதால் கோபமாகச் சொல்ல வரவில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

லட்ச ரூபாய் கோர்ஸுக்குப் பதிலாக ஐஐடி மெட்ராஸின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பட்டத்தைப் பாருங்கள். ஆன்லைனில் படித்து நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். ஜேஇஇ தேவையில்லை. நாலு வாரம் பாடம் நடத்தி ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள், அதில் தேறினால் சேரலாம். முழுப் பட்டம் முடிக்க லட்சக்கணக்கில் ஆகும்தான். ஆனால் டேர்ம் டேர்மாகக் கட்டினால் போதும், குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் இருக்கிறது. நடுவில் நின்றாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்க வழி உண்டு. ஊர்க் கல்லூரியில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம்.

அடுத்த கடிதத்தை மகனை எழுதச் சொல்லுங்கள்.

முதலில் படிக்கும் கோடிங் மொழி பைத்தானா, ஜாவாவா?
– உச்சிப்புளி

பைத்தான். மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்றை முடித்திருக்கலாம்.

சார், நான் பி.ஏ. தமிழ். பள்ளியிலும் தமிழ் மீடியம்தான். இங்கிலீஷ் கிளாஸ் ஒன்றும் புரிவதில்லை. தமிழில் சொல்லித் தரும் கோர்ஸ் இருந்தால் போதுமா? கல்யாணமாகி வீட்டில் இருக்கிறேன். மதியம் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.
– சாயல்குடி

கிடைக்கும் நேரத்தைச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான் அம்மா, நன்றி.

தொடங்குவதற்குத் தமிழ் போதும். கணியம் தளத்தில் எளிய தமிழில் நிறைய இலவச மின்நூல்கள் இருக்கின்றன. யூடியூபில் தமிழில் பைத்தான், எச்டிஎம்எல் நடத்துகிறவர்களும் நிறையப் பேர். லூப் என்றால் என்ன, ஃபங்ஷன் என்றால் என்ன என்பது தமிழில் புரிந்துவிட்டால் அது மனதில் நிற்கும். ஆனால் தமிழிலேயே முடித்துவிட முடியாது. எர்ரர் மெசேஜ் ஆங்கிலத்தில்தான் வரும், டாக்குமென்டேஷனும் ஆங்கிலம், இன்டர்வியூவும் பெரும்பாலும் ஆங்கிலம்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். தினமும் உங்களுக்கு வருகிற எர்ரர் மெசேஜை அப்படியே எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதுங்கள். ஐம்பது அறுபது எழுதுவதற்குள் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டுவதைவிட முதலில் இது உதவும். உங்களுக்கும் அதே விதிதான்: 30 நாள், காசு கட்டாமல்.

தமிழ் படித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். யாப்பிலக்கணம் படித்து, அசை பிரித்து, தளை பார்த்தவருக்கு இஃப்-எல்ஸ் எம்மாத்திரம்?

சார், மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். ஒரு ஆன்லைன் நிறுவனத்தில் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ், 90 ஆயிரம். 100 சதவீத பிளேஸ்மென்ட் கியாரன்டி, நோ காஸ்ட் இஎம்ஐ என்றார்கள். நேற்று ராத்திரி 12 மணிக்குள் சேர்ந்தால் ஸ்காலர்ஷிப் என்றதால் ஆதார், பான் கொடுத்து ஓடிபியும் சொல்லிவிட்டேன். நல்ல கோர்ஸ்தானா?
– ராமநாதபுரம்

ஓடிபியைச் சொல்லிவிட்டு, நல்ல கோர்ஸ்தானா என்று என்னைக் கேட்கிறீர்கள். கடிதம் கண்ட அன்றைக்கே இந்தத் தம்பிக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன், நீளமாகத்தான் சொல்வேன்.

அந்த ஓடிபி கோர்ஸில் சேருவதற்கானது இல்லை, கடன் வாங்குவதற்கானது. நீங்கள் மாதம் ஏழாயிரம் எட்டாயிரம் கட்டப்போவது சொல்லித் தருகிறவருக்கு இல்லை, ஒரு நிதி நிறுவனத்துக்கு. அந்த நிதி நிறுவனத்தார் கோர்ஸ் பணத்தை மொத்தமாகக் கோர்ஸ் நிறுவனத்துக்கு முதலிலேயே கொடுத்துவிடுவார்கள். அதோடு சொல்லித் தருகிறவருக்கு உங்கள்மேல் இருந்த அக்கறை பாதி போயிற்று, அவருக்கு வர வேண்டியது வந்துவிட்டதே. நாளைக்கு வகுப்பு பிடிக்காமல் நீங்கள் நின்றாலும் இஎம்ஐ நிற்காது. இரண்டு தவணை தவறினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் கறை விழும். பிறகு ஒரு பைக் லோனுக்குப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும். வட்டி இல்லை என்கிறார்களே என்றால், அது பெரும்பாலும் கோர்ஸ் விலைக்குள் ஒளிந்திருக்கும். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒளிந்திருந்தது வெளியே வரும்.

பிளேஸ்மென்ட் கியாரன்டிக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. பொடி எழுத்தில் இருக்கும். 90 சதவீதம் வருகை, எல்லா அசைன்மென்டும் குறித்த தேதியில், மாதிரி இன்டர்வியூவில் தேர்ச்சி, அவர்கள் காட்டும் வேலையை எந்த ஊரானாலும் மறுக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினால் கியாரன்டி செல்லாது. சில இடங்களில் வேலை என்ற சொல்லே இருக்காது, 'இன்டர்வியூ உதவி' என்று இருக்கும்.

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். என்னிடம் கேட்காமலே சேர்ந்தான், மாமா திட்டுவார் என்ற பயம். இரண்டு மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். லைவ் கிளாஸ் என்று சொன்னது போன வருடத்துப் பதிவு. விலகுகிறேன் என்றதற்கு, பாடத்தில் கால்வாசி பார்த்துவிட்டீர்கள், பணம் திரும்பாது என்று பதில் வந்தது. அக்கா ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து மீதித் தவணையைக் கட்டினாள். பத்து மாதம் கட்டினாள். அவன் கடைசியில் கற்றுக்கொண்டது இலவசப் பாடத்தில்தான்.

சட்டம் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. ஆன்லைனில் தரும் கடனுக்கு, மொத்தச் செலவையும் வருடாந்திர வட்டி வீதத்தையும் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. மனம் மாறினால், அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வர ஒரு குறுகிய அவகாசமும் உண்டு. குறைந்தது ஒரு நாள், எத்தனை நாள் என்பது அந்த அறிக்கையிலேயே இருக்கும். அதனால்தான் இந்தத் தம்பிக்கு உடனே எழுதினேன். அன்றைக்கே நிதி நிறுவனத்துக்கும் கோர்ஸ் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் போடு, போனில் பேசாதே, எழுத்தில் இருக்கட்டும் என்று. பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் அதைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம். கோச்சிங் துறையில் வேலை நிச்சயம் என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறை போட்டிருக்கிறது. அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்யுங்கள்.

'இன்றைக்கு ராத்திரி 12 மணி வரை' என்று கெடு வைக்கிற ஆளிடம் எதையும் வாங்காதீர்கள். நாளைக்கும் அதே விலைதான். பையன்கள் நம்பட்டும் என்று விளம்பரத்தில் கலாம் படத்தையும் போட்டுவிடுகிறார்கள். அவர் பிறந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடமே இதை விற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

யூடெமி என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் 3,500 ரூபாய் கோர்ஸ் 499-க்கு வருகிறது. இன்றே வாங்கவா?
– தேவிபட்டினம்

மேலே சொன்னதேதான். அடுத்த வாரமும் வரும். வாங்கினாலும் 30 நாளுக்குள் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் பெரிய ஆபத்தில்லை. ஏற்கெனவே வாங்கிப் போட்ட நாலு கோர்ஸில் எத்தனை முடித்தீர்கள்?

சான்றிதழைப் பார்த்து வேலை தருவார்களா?
– பெரியபட்டினம்

மாட்டார்கள். கிட்ஹப் என்ற, கோடைப் போட்டு வைக்கும் தளத்தில் நீங்கள் செய்து வைத்திருப்பதைப் பார்ப்பார்கள்.

என்னிடம் லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான். லேப்டாப் வாங்க 50 ஆயிரமாவது வேண்டும் என்கிறார் நண்பர்.
– தொண்டி

நண்பர் வாங்கித் தருவதாக இருந்தால் சரி. இல்லையென்றால் முதல் மாதத்தை போனிலேயே ஓட்டுங்கள். பைட்ராய்ட் என்ற ஆப்பில் பைத்தான் ஓடும். சின்னத் திரையில் கண் வலிக்கும், ஆனால் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம், சொந்தக்காரர் வீட்டுப் பரணில் பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஏற்றினால், 4 ஜிபி ராம் இருந்தாலே ஆரம்பப் பாடங்களுக்கு ஓடும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை. செகண்ட் ஹாண்டில் வாங்குவதென்றால் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

வாங்கினால் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். நம் பக்கத்து உப்புக்காற்று சார்ஜர் முனையையும் யுஎஸ்பி துளையையும் துருவாக்கிவிடும். என்னுடைய ஒரு லேப்டாப் அப்படித்தான் போனது.

மண்டபத்தில் நெட் விட்டு விட்டு வருகிறது. லைவ் கிளாஸ் பார்க்க முடியவில்லை.
– மண்டபம்

லைவ் கிளாஸே வேண்டாம். என்பிடெல் வீடியோக்களை நெட் நன்றாக வரும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஐஐடி, ஐஐஎஸ்சி ஆசிரியர்கள் நடத்துவது. படிக்க இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் தேர்வுக் கட்டணம், தேர்வை நேரில் போய் எழுத வேண்டும். பைத்தானின் டாக்குமென்டேஷன் முழுவதையும்கூட இறக்கிக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கிறவர் என்றால் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன பாடம் வந்திருக்கிறது என்று கேளுங்கள். அதுவும் இலவசம்தான், பாதிப் பேர் மதிப்பெண்ணுக்காகக் கடனே என்று முடிக்கிறார்கள்.

ஏஐ எல்லாக் கோடும் எழுதிவிடுகிறதே, இனி எதற்குப் படிக்க வேண்டும்?
– ஏர்வாடி

அது எழுதியது சரியா தப்பா என்று சொல்ல. படிக்கும் முதல் மூன்று மாதம் அதைத் தொடாதீர்கள். எர்ரருக்கு விளக்கம் கேட்கலாம், விடை கேட்கக் கூடாது.

வயது 34. நண்டு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். இனிமேல் சாஃப்ட்வேர் பக்கம் வர முடியுமா, இல்லை இதோடு இருந்துவிடவா? மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும்.
– பாம்பன்

அந்த ஆயிரத்தையும் இப்போதைக்கு வைத்திருங்கள். இருபத்திரண்டு வயதுப் பையன்களோடு வெப் டெவலப்பர் வேலைக்குப் போட்டி போடாதீர்கள். உங்களுக்குக் கணக்கு தெரியும், சரக்கு தெரியும். எஸ்க்யூஎல் (சேர்த்து வைத்த தகவலிடம் கேள்வி கேட்கும் மொழி), எக்ஸெல், கொஞ்சம் பைத்தான், இந்த மூன்றும் டேட்டா பக்கம் நுழையப் போதும். எஸ்க்யூஎல்லுக்கு இலவசப் பாடங்கள் ஏராளம், கணியத்தில் தமிழிலும் இருக்கிறது.

பயிற்சிக்கு வெளியே எதையும் தேட வேண்டாம். தேதி, படகு, நண்டு ரகம், கிலோ, அன்றைய விலை, இந்த ஐந்தையும் ஒரு டேபிளாகப் போட்டு ஆறு மாதக் கணக்கை ஏற்றுங்கள். கம்பெனியில் கேட்டுக்கொண்டு, படகு பெயர்களை மாற்றிவிட்டு. எந்த மாதம் எந்த ரகம் குறைந்தது, எந்தப் படகு சரக்கில் கழிவு அதிகம், விலை ஏறிய நாளில் வரத்து எப்படி என்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அந்த குவெரியை, அதாவது எஸ்க்யூஎல்லில் எழுதிய கேள்வியை, அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த முறை உங்களுக்குத்தான் முதல் பதில்.