சர்டிபிகேட் வேண்டாம், பாடம் வேண்டும்: இலவச இணையப் பல்கலைக்கழக வகுப்புகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வேலை முடிந்து வந்தபின் ஏதாவது உருப்படியாகப் படிக்க ஆசை. தேடினால் ஆயிரக்கணக்கில் கோர்ஸ் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

தளத்தைத் தேடாதீர்கள், பாடத்தைத் தேடுங்கள். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி எல்லோருக்கும் இருக்கும். வங்கி வட்டி ஏன் ஏறி இறங்குகிறது, தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது, இப்படி ஏதாவது. அதற்குப் பதில் சொல்லும் பாடம்தான் உங்கள் முதல் கோர்ஸ்.

அப்புறம் தளம். பெரிதாக இரண்டு வகை உண்டு. முதல் வகை திறந்த காப்பகங்கள். எம்ஐடி 2001-இல் அறிவித்த ஓபன்கோர்ஸ்வேர், யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் தொடங்கிய ஓபன் யேல் கோர்ஸஸ் எல்லாம் இந்த வகை. பெயர் பதிய வேண்டாம், கெடு கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. வகுப்பில் எடுத்த வீடியோ, சிலபஸ், பல பாடங்களுக்கு வீட்டுக்கணக்கும் பழைய தேர்வுத்தாளும் அப்படியே கிடைக்கும். இரண்டாவது வகை 2012-இல் வந்த கோர்ஸெராவும் எட்எக்ஸும். பதிவு செய்ய வேண்டும். வாராவாரம் பாடம், நடுநடுவே வினாக்கள், படிக்கவில்லையென்றால் நினைவூட்டி மின்னஞ்சல். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வீடியோ யூடியூபில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, விரும்பினால் பதிவு செய்து வாராந்திர அசைன்மென்டும் செய்யலாம்.

பின்னால் நின்று தள்ள ஒருவர் வேண்டுமென்றால் இரண்டாவது வகைக்குப் போங்கள். பொழுதுபோக்காகப் படிப்பவர்களுக்கு என் ஓட்டு காப்பகங்களுக்குத்தான். பாடம் முழுசாக இருக்கும், அவசரம் இருக்காது.

கேள்வி: இலவசம் என்று உள்ளே போனால் கார்டு எண் கேட்கிறார்களே?

கோர்ஸெரா, எட்எக்ஸ் இரண்டிலும் ஆரம்பத்தில் இருந்த தாராளம் இப்போது இல்லை. பார்த்துப் படிக்க மட்டும் அனுமதிக்கும் ஆடிட் முறை சில பாடங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் மதிப்பெண் போடும் பயிற்சிகள் கட்டணத்துக்குள் போய்விடும், சிலவற்றில் குறிப்பிட்ட வாரங்களுக்கு மேல் பாடமும் மூடிக்கொள்ளும். சேரும் பொத்தானை அழுத்துமுன் அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அதே பாடத்தை அந்தப் பல்கலைக்கழகமோ பேராசிரியரோ தனியாக எங்காவது வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சிஎஸ்50 நல்ல உதாரணம். எட்எக்ஸ் வழியாகச் சரிபார்த்த சர்டிபிகேட் வாங்கப் பணம் கட்ட வேண்டும். ஹார்வர்டின் சொந்தத் தளத்தில் அதே பாடமும் அசைன்மென்டும் இலவசம். எல்லாவற்றையும் முடித்தால் அங்கேயே ஒரு சர்டிபிகேட்டும் இலவசமாகத் தருகிறார்கள்.

கேள்வி: நிறைய கோர்ஸ் ஆரம்பித்தேன், ஒன்றையும் முடிக்கவில்லை. எனக்கு ஒழுக்கம் இல்லையோ என்று தோன்றுகிறது.

இதை ஒழுக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2011-இல் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை உலகத்துக்கே திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். அதற்குப் பின் வந்த பெரும்பாலான பாடங்களில் இந்த அளவுகூட இல்லை.

பட்டத்துக்குப் படிப்பவர் முடித்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நான்கு வாரத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் எழுந்து போய்விடலாம். ஆனால் எங்கே நிறுத்தினீர்கள் என்று மட்டும் பாருங்கள். தேடியது கிடைத்து நிறுத்தினால் நல்லது. முதல் கடினமான கணக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் வேறு கோர்ஸுக்குத் தாவினால், அறிமுக வகுப்புகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை அந்த இடத்தில் இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. வயதானதாலா? எனக்கு 41.

வயதில்லை, பார்க்கும் விதம். நல்ல ஆசிரியர் சொல்லும்போது எல்லாமே தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு அவருடையது, இன்னும் உங்களுடையதாகவில்லை.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மூடி வைத்து எழுதியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

அதனால் வீடியோ முடிந்ததும் அடுத்ததை ஓடவிடாதீர்கள். நோட்டை எடுத்து, பார்க்காமல், கேட்டதை எழுதுங்கள். எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி எழுதுங்கள்.

கணக்குப் பாடமென்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் எடுத்த நேரியல் இயற்கணிதத்தின் முதல் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் இரண்டு சமன்பாடு எழுதுகிறார்: 2x − y = 0, −x + 2y = 3. முதலில் நாம் பள்ளியில் பார்த்தபடி இரண்டு கோடுகள். அவை (1, 2) என்ற புள்ளியில் வெட்டுகின்றன. அப்புறம் அதே சமன்பாடுகளை நெடுக்காகப் பார்க்கச் சொல்கிறார். x-இன் கீழ் (2, −1), y-இன் கீழ் (−1, 2). இந்த இரண்டு அம்புகளையும் எவ்வளவு எவ்வளவு சேர்த்தால் (0, 3) கிடைக்கும்? இந்த இடத்தில் நிறுத்துங்கள். கட்டம் போட்ட தாளில் நீங்களே வரையுங்கள். முதல் அம்பு ஒன்று, அதன் நுனியிலிருந்து இரண்டாவது அம்பு இரண்டு. சரியாக (0, 3)-இல் போய் நிற்கும். அந்தப் பாடம் முழுக்க இந்தப் படத்தின் மேல்தான் எழும்பி நிற்கிறது. கையால் வரைந்தவர்களுக்கு அது பத்தாவது வகுப்பிலும் கூடவே வரும். சும்மா பார்த்தவர்கள் மூன்றாவது வகுப்பிலேயே தடுமாறுவார்கள்.

வீடியோவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்களோ, பயிற்சிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்குங்கள். பாதி வீடியோக்களைப் பார்க்காமல் விட்டால்கூடப் பரவாயில்லை, பயிற்சியை விடாதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றவன் நான். இயற்பியல் படிக்க ஆசை, ஆனால் பள்ளிக்கணக்கே மறந்துவிட்டது. இனிமேல் முடியுமா?

தாராளமாக முடியும் ஐயா. பாடத்தின் சிலபஸில் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வரியில் கால்குலஸ் என்று இருந்தால், ஒரு பழைய கால்குலஸ் தேர்வுத்தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பாதி வந்தால் நேராக இயற்பியலுக்குப் போகலாம். வராவிட்டால் பள்ளிக்கணக்கை இலவசமாகச் சொல்லித்தரும் கான் அகாடமி தளத்தில் கீழிருந்து ஏறி வாருங்கள். அதற்குப் பிறகு யேலில் ராமமூர்த்தி சங்கர் எடுத்த இயற்பியல் அடிப்படைகளைப் பாருங்கள். சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு படியாகக் காட்டுவார். உங்களிடம் நேரம் இருக்கிறது. பரீட்சைக்கு ஓடும் இளைஞர்களுக்கு அது கிடைப்பதில்லை.

கேள்வி: ஆங்கிலம் படித்தால் புரிகிறது, கேட்டால் ஓடிவிடுகிறது.

அப்படியென்றால் முதலில் படியுங்கள். பெரிய தளங்களில் வகுப்பின் எழுத்துவடிவம் கிடைக்கும். அதை ஒருமுறை வாசித்துவிட்டு, வேகத்தை முக்காலாகக் குறைத்து, சப்டைட்டிலோடு பாருங்கள். ஒரே பேராசிரியரின் சில வகுப்புகள் தாண்டினால் அவர் பேச்சு காதுக்குப் பழகிவிடும். என்பிடெலில் சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

கேள்வி: ஐம்பது நிமிட வகுப்பை ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை.

யாராலும் முடிவதில்லை. எட்எக்ஸில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் தங்குவது பெரும்பாலும் ஆறு நிமிடம்தான் என்று தெரிந்தது. துண்டு துண்டாகப் பாருங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

கேள்வி: தத்துவம், வரலாறு மாதிரிப் பாடங்களில் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். யார் திருத்துவார்கள்?

பெரும்பாலும் யாருமில்லை, சில தளங்களில் சக மாணவர்கள். ஆனாலும் எழுதுங்கள். யேலில் ஷெல்லி கேகன் மரணம் பற்றி நடத்திய பாடம் ஓபன் யேலில் 26 வகுப்புகளாக இருக்கிறது. மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆன்மா என்று ஒன்று உண்டா, சாவு ஏன் கெட்டது என்று வாதங்களைப் பிரித்துப் போடுவார். அதில் பிளேட்டோவின் ஒரு வாதத்தை எடுத்து, உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் அதற்கு இருக்கும் மிக வலுவான மறுப்பை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தால் ஓட்டைகள் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சர்டிபிகேட் வாங்கலாமா?

வேலைக்குக் காட்ட வேண்டுமென்றால் வாங்குங்கள். இல்லையென்றால் தேவையில்லை.

கேள்வி: பத்துப் பதினைந்து வருடம் பழைய வீடியோக்கள் இருக்கின்றன. பார்ப்பதில் பயன் உண்டா?

பாடத்தைப் பொறுத்தது. ஸ்ட்ராங்கின் வகுப்புகள் 1999-இல் பதிவானவை, இன்றைக்கும் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை. இயந்திரக் கற்றலுக்கு அப்படிப் போகாதீர்கள், புதிதாகத் தேடுங்கள்.

சில பாடங்களில் பழசாக இருப்பதே சுவை. ராபர்ட் ஷில்லரின் நிதிச் சந்தைகள் பாடம் ஓபன் யேலில் இரண்டு பதிப்பாக இருக்கிறது: 2008, 2011. முதலாவது 2008-இன் முற்பாதியில் எடுத்தது. அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலாகி, உலக நிதி நெருக்கடி வெடித்தது அந்த ஆண்டு செப்டம்பரில். வகுப்பில் இருந்த யாருக்கும் அது தெரியாது, பார்க்கும் நமக்குத் தெரியும். வங்கிகளையும் காப்பீட்டையும் பற்றி அவர் பேசுவதை அந்த நினைப்போடு கேளுங்கள். முடித்துவிட்டு, 2011 பதிப்பில் அதே தலைப்புகளை எப்படிச் சொல்கிறார் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.