மறுமொழி: மணலில் கூடார ஆணி நிற்கவில்லை

புத்தாண்டுக்கு நண்பர்களோடு ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் பே கடற்கரைக்குப் போகிறீர்கள், போன முறை மணலில் கூடார ஆணிகள் பிடுங்கிக்கொண்டன என்று எழுதியிருந்தீர்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய ஆணி மணலில் நிற்கவே நிற்காது. நீளமும் அகலமுமான மணல் ஆணி தனியாகக் கிடைக்கும். இல்லையென்றால் துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து நன்றாக மிதித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இதுவே மேல்.

ஜனவரியில் அங்கே கோடைகாலம்; கொளுத்தும் வெயிலுக்கு நடுவே திடீரென்று தென்காற்று திரும்பி அடிக்கும். அதனால் கூடார வாசலைத் தெற்கு பார்த்து வைக்காதீர்கள். அப்புறம், காட்டுத்தீ அபாயத்தால் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு மூட்டக் கூடாது. நள்ளிரவுக் கொண்டாட்டத்தில் யாரையும் கடலில் இறங்க விடாதீர்கள், தயவுசெய்து.