பட்டறை பதில்கள்: முள் இறங்கினால் இன்ஜினை இறக்கணுமா?

கேள்வி: மாஸ்டர், எங்களிடம் 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி, அப்பா வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் மீட்டர் (சதுர இன்ச்சுக்கு) 55 பவுண்டு காட்டுகிறது. பழனி வரை போய்த் திரும்பி வந்து, கேட்டில் நிற்கும்போது பார்த்தால் முள் 5-க்கு விழுந்து கிடக்கிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் 30 வரை வருகிறது. மீட்டர் வண்டியோடு வந்ததல்ல, வெளியில் வாங்கிப் பொருத்திய எலக்ட்ரிக் மீட்டர். உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "பேரிங் போச்சு, கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இறக்கணும், 60,000 ஆகும்" என்கிறார். சத்தம் ஒன்றும் இல்லை. வேலை கொடுத்துவிடலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் நாலைந்து இருக்கின்றன. அதில் எதையும் அவர் செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

முதல் சந்தேகம் மீட்டர் மேலேயே வர வேண்டும். எலக்ட்ரிக் மீட்டர் பிரஷரை நேரடியாக அளப்பதில்லை. இன்ஜின் பிளாக்கில் முறுக்கியிருக்கும் சென்டர் (sender) யூனிட் கொடுக்கும் மின்தடையை வைத்து முள்ளை நகர்த்துகிறது. சென்டர் ஒரு கம்பெனி, மீட்டர் இன்னொரு கம்பெனி என்றால் கணக்கே மாறிவிடும். ஒற்றை ஒயர் சென்டருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான். லீக் ஆகக் கூடாதென்று மரை நிறைய வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கிவிடுகிறார்கள், எர்த் அரைகுறையாகிவிடுகிறது. இன்ஜின் போய்விட்டது என்ற முடிவோடு எங்கள் பட்டறைக்குள் வந்த ஒரு வண்டி, டேப்பைச் சுரண்டி எடுத்ததும் ஒழுங்காகக் காட்டிய கதை உண்டு.

அதனால் ஒரு மெக்கானிக்கல் மீட்டரை இரவல் வாங்குங்கள். குழாய் வழியாக ஆயிலே வந்து முள்ளைத் தள்ளும் வகை அது. சென்டரைக் கழற்றி, அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் மரை பொருந்தும் அடாப்டர் வாங்குங்கள். மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும், குத்துமதிப்பாக வாங்கி முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும். பொருத்திய பிறகு மூன்று இடத்தில் அளவு எடுங்கள்: குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும், அரை மணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்), அதே சூட்டில் சுமார் 3,000 ஆர்.பி.எம்.மில். மூன்றையும் எழுதி வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் யார் பேசினாலும் அது ஜோசியம்தான்.

உங்கள் மீட்டர் காட்டுவது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். காலையில் 55 வருகிறது என்பது நல்ல செய்தி. ஆயில் கெட்டியாக இருக்கும்போது பம்ப் தேவைக்கு மேல் தள்ளும், அந்த மிச்சத்தை ரிலீஃப் வால்வு திறந்து சம்ப்புக்கே (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) திருப்பிவிடும். காலை முள் நிற்கும் இடம் அந்த வால்வு போட்ட வரம்பு. அந்த 1,489 சிசி இன்ஜினுக்கு ஓட்டத்தில் 50 பவுண்டு சுமார் என்றால் குறையில்லை. ஆக உங்கள் வால்வும் ஸ்பிரிங்கும் வேலை செய்கின்றன. காலையிலேயே 25-ஐத் தாண்டவில்லை, எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் அங்கேயே நிற்கிறது என்று எழுதியிருந்தால் என் பதில் வேறு. பிளாக்கின் இடதுபக்கம் பின்னால் ஒரு குமிழ் நட்டு இருக்கும். அதைத் திறந்தால் ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் கைக்கு வரும். தூசியைத் துடைத்து, ஸ்பிரிங்கைப் புதிதோடு வைத்துப் பாருங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன்.

இந்த நட்டைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. முள் விழுகிறது என்றதும் ஸ்பிரிங்குக்கு அடியில் ரெண்டு வாஷரைப் போட்டு அனுப்பும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சூடான இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது அந்த வால்வு மூடியே இருக்கிறது. மூடிய கதவை இன்னும் இறுக்கி என்ன லாபம்? ஸ்லோவில் 5 அப்படியே 5-ஆகத்தான் இருக்கும். காலை 55 மட்டும் 80 ஆகி ஃபில்டர் சீலைப் பிதுக்கும்.

சரி, சூட்டில் ஏன் விழுகிறது? பம்ப் தருவது ஆயிலின் ஓட்டம்தான். அந்த ஓட்டம் பேரிங்கின் குறுகிய இடைவெளியில் முட்டும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பது மாதிரி. விரல் தளர்ந்தாலும் அழுத்தம் போகும், தண்ணீர் வரத்து குறைந்தாலும் போகும். இன்ஜினில் மூன்றாவதாக ஒன்று உண்டு: ஆயிலே தண்ணீராகிவிடுவது. இது மூன்றிலும் மலிவானது என்பதால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை அடிக்கிறதா? ஊற்றிய அளவைவிட மட்டம் ஏறியிருக்கிறதா? மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பில் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக சம்ப்புக்குள் சொட்டும். ஆயில் குறையாமல் இருக்கிறதே என்று வண்டிக்காரர் சந்தோஷமாக இருப்பார். கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆனாலும் இதே கதை. எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புது கார்களுக்கான 5டபிள்யூ30 மாதிரி மெல்லிய ஆயிலை "ஃபுல் சிந்தடிக், விலை அதிகம், நல்லது" என்று யாராவது ஊற்றியிருந்தால் அதை முதலில் இறக்குங்கள். அம்பாசிடருக்கு 20டபிள்யூ50 போதும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி அதே மூன்று அளவை மறுபடி எடுங்கள். மாற்றும்போது டீசல் ஊற்றி இன்ஜினைக் கழுவ வேண்டாம். நாற்பது வருஷக் கசடு இடம் பெயர்ந்து பம்ப் ஆயில் இழுக்கும் ஸ்ட்ரெய்னர் சல்லடையில் போய் உட்கார்ந்தால் வரத்தே நின்றுவிடும்.

இறக்கிய ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளை பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றி, வெயிலில் தட்டைச் சாய்த்து மெல்ல ஆட்டுங்கள். மணல் மாதிரி கறுப்பாக உருண்டால் கரி, விட்டுவிடலாம். ஜிகினா மாதிரி மினுமினுப்பு ஓடினால் அது உலோகம். ஒரு காந்தத்தைத் தட்டுக்கு அடியில் பிடித்து இழுங்கள். கூடவே வந்தால் இரும்பு. காந்தத்தைச் சட்டை செய்யாமல் வெள்ளையாக மினுங்கினால் பேரிங்கின் மேல்பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு தேய்ந்து அடிப்படலம் வரை போய்விட்டது. பழைய ஃபில்டரின் காகிதத்தையும் கத்தியால் வெட்டி விரித்துப் பாருங்கள். ஆயிலில் மிதந்ததெல்லாம் அங்கே சேர்ந்திருக்கும்.

சத்தம் இல்லை என்கிறீர்கள். கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) பேரிங் தேய்ந்திருந்தால், சூட்டில் மிதமாக ரேஸ் வைத்துப் பிடித்து சட்டென்று விடும்போது "டக் டக்" என்று தட்டும். அப்படித் தட்டினால் ஒவ்வொரு பிளக்காக ஒயரை எடுத்து எர்த்தில் வையுங்கள் (இன்சுலேட்டட் பிளையரால், வெறும் கையால் வேண்டாம்). எந்த சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் அமுங்குகிறதோ அங்கேதான் கோளாறு. மெயின் பேரிங் சத்தம் இன்னும் ஆழத்திலிருந்து, மேட்டில் இழுக்கும்போது "தொம் தொம்" என்று வரும். மேலே டப்பெட் கவருக்குள் கடகடவென்று கேட்பதை வைத்து பயப்பட வேண்டாம். ஆனால் ராக்கருக்கு (வால்வுகளை அமுக்கும் கை) ஆயில் ஏறுகிறதா என்று கவரைத் திறந்து ஸ்லோவில் ஓட்டி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆயில் மாற்றிய பின் நிஜ மீட்டரில், சூட்டில் ஸ்லோவில் 10-க்கு மேலும் ஓட்டத்தில் 40-க்கு மேலும் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு பழனிக்குப் போய் வாருங்கள். ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பவுண்டு என்று பழைய இன்ஜின்களுக்குப் பட்டறைகளில் ஒரு கணக்கு உண்டு. அதையொட்டி இருந்தால் போதும்.

அப்போதும் 5-தான் என்றால் சம்ப்பை இறக்க வேண்டும். நன்றாகக் கவனியுங்கள், சம்ப்பைத்தான், இன்ஜினை அல்ல. கொஞ்சம் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டி வரலாம். சம்ப் வந்துவிட்டால் பம்ப்பும் கான்ராட் பேரிங்குகளும் கீழிருந்தே கைக்கு எட்டும். பம்ப்பின் மூடியைத் திறந்து, மேலே ஒரு நேர்ச்சட்டம் வைத்து, ரோட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விடுங்கள். 5 தௌவுக்கு மேல் போனால் பம்ப்பை மாற்றுங்கள். ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேரிங்கில் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து டைட் செய்து கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். ஒன்று முதல் மூன்று தௌவுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு தௌவும் பெரிய விஷயம். இடைவெளி இரண்டு மடங்கானால் ஆயில் கசிவு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்காகும். கண்ணுக்கே தெரியாத தேய்மானத்தில் மீட்டர் படுத்துவிடுவது இதனால்தான். ஜர்னல் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் பகுதி) வழவழப்பாக, வட்டமாக இருந்தால் புது பேரிங் மட்டும் போடலாம். கோடு விழுந்திருந்தால்தான் கிராங்க் லேத்துக்குப் போக வேண்டும். பத்து தௌ, இருபது தௌ என்று அண்டர்சைஸ் (குறைந்த அளவு) பார்த்துத் தேய்த்து வாங்க வேண்டும். அந்த நிலையில் உங்கள் மெக்கானிக் சொன்ன தொகை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். இந்த இன்ஜினில் மெயின் பேரிங் மூன்றுதான், ஒன்று தேய்ந்தாலும் மற்ற இரண்டுக்கும் பாரம் கூடும்.

கேள்வி: அண்ணா, 1999 மாருதி 800. பத்து நாளாக வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் லைட் சிமிட்டி அணைகிறது. ஆயில் சரியாக இருக்கிறது. புது ஆயில் சுவிட்ச் போட்டும் அப்படியேதான். அதற்கு முந்தின வாரம் கிராமத்து ரோட்டில் அடியில் கல் இடித்தது, ஆனால் லீக் இல்லை.
- வாசகி, மேலூர்

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் பதில், தங்கச்சி. கல் இடித்து சம்ப் உள்ளே ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய தகடு ஸ்ட்ரெய்னரின் வாயை நெருங்கிவிட்டது. லீக் இல்லாததால் யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். சம்ப்பில் ஒடுக்கு இருந்தால் டிப்ஸ்டிக் அளவையும் நம்ப முடியாது. வண்டியைத் தூக்கிப் பாருங்கள். சம்ப்பைக் கழற்றி ஒடுக்கெடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள். ஸ்ட்ரெய்னர் குழாய் வளைந்திருக்கிறதா, அதன் ஓ-ரிங் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே காற்று இழுத்தாலும் லைட் சிமிட்டும்.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் லைட் பொதுவாக எரிவது பிரஷர் 5 பவுண்டு வாக்கில் விழுந்த பிறகுதான். பெட்ரோல் லைட் மாதிரி முன்கூட்டியே சொல்வதல்ல அது. நிலையாக எரிந்தால் அந்த இடத்திலேயே ஆஃப் செய்து, கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

கேள்வி: என் ஜீப்பில் ஆயில் மீட்டர் எப்போதும் 80 காட்டுகிறது. நண்பர்கள் பொறாமைப்படுகிறார்கள். இன்ஜின் அவ்வளவு ஆரோக்கியமா?
- வாசகர், கூடலூர்

பதில்: பொறாமைப்பட ஒன்றுமில்லை. சூட்டிலும் இறங்காத 80 என்றால் சென்டர் கெட்டிருக்கலாம், ரிலீஃப் வால்வு மூடியபடியே சிக்கியிருக்கலாம், அல்லது உங்கள் குளிருக்கு ஆயில் ரொம்பக் கெட்டி. வழியில் எங்கோ அடைப்பு இருந்தாலும் அடைப்புக்கு முன்னால் மீட்டர் அதிகமாகத்தான் காட்டும், பின்னால் இருக்கும் பேரிங் காய்ந்துகொண்டிருக்கும். மெக்கானிக்கல் மீட்டர் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். ஆயில் லைட் எரியவே இல்லை, அதனால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: எப்போது எரியவில்லை? சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாத நிலையில் அது எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கும், அல்லது ஒயரைப் பிடுங்கி விட்டிருப்பார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் ஆயில் லைட்டை சார்ஜிங் லைட்டோடு சேர்த்துவிடுவார்கள். சாவி போட்டால் இரண்டும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் ஒன்றாக அணையும், பார்க்க உத்தமமாக இருக்கும். கண்டுபிடிக்க வழி எளிது: சாவி ஆனில் இருக்க, பிளாக்கில் இருக்கும் ஆயில் சுவிட்ச்சின் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். ஆயில் லைட் மட்டும் அணைய வேண்டும். அதே ஒயரைப் பிளாக்கில் தொட்டால் மறுபடி எரிய வேண்டும். தொட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.