வேடமிட்ட மருந்து

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு வயது 66. மூன்று வாரங்களுக்கு முன்பு தீவிர மைலோயிட் லுக்கேமியா என்ற குருதிப் புற்றுநோய் என்றார்கள். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்து ஏற்றுகிறார்கள். குருதிக்கலம் போல வேடமிட்டுப் போய்ப் புற்றை மட்டும் தாக்கும் நனோ மருந்து வந்துவிட்டதாக ஒரு காணொளியில் பார்த்தோம். இதை நிறுத்திவிட்டு வெளிநாட்டுக்குப் போவோம் என்கிறார் அண்ணா. உண்மையா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

சிகிச்சையை நிறுத்தாதீர்கள். இந்த நோய் சில வாரங்களிலேயே முற்றிவிடும். அண்ணாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

காணொளி சொன்னதில் உண்மையும் உண்டு. உடலுக்குள் செலுத்தும் அந்நியத் துகளை ஈரலும் மண்ணீரலும் விரைவில் வடித்து எடுத்துவிடும். செங்குருதிக்கலமோ 120 நாட்கள் உலவுகிறது. ‘என்னை விழுங்காதே’ என்று காவல் கலங்களிடம் சொல்லும் சிடி47 என்ற புரதம் அதன் மேலுறையில் இருக்கிறது. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லியாங்ஃபாங் ஸாங் குழுவினர் அந்த உறையை உரித்து, சுமார் 70 நனோமீற்றர் அளவுத் துகள்களுக்குப் போர்த்தினார்கள். எலிகளின் குருதியில் அவை மூன்று நாட்கள் கழித்தும் எஞ்சியிருந்தன. கட்டியாக ஓரிடத்தில் நில்லாமல் குருதியிலும் என்பு மச்சையிலும் பரவிக்கிடக்கும் நோய்க்கு இப்படி நெடுநேரம் உலவும் மருந்து எவ்வளவு பெரிய வரம்! அந்த ஆய்வை வாசித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் அந்த வேடமிட்ட துகள் உங்கள் அப்பாவின் நோய்க்கான மருந்தாக இன்னும் வைத்தியசாலைக்கு வரவில்லை. வந்துவிட்டதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

வந்திருப்பது வேறொன்று. 1973 முதல் இந்த நோய்க்குச் சேர்த்துக் கொடுக்கப்படும் சைற்றரபீன், டோனோரூபிசின் ஆகிய இரண்டையும் 5:1 என்ற விகிதத்தில் நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த வைக்சியோஸ். அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. அதற்கு வேடமில்லை, ஆனால் இரு மருந்துகளும் அதே விகிதத்தில் சேர்ந்தே என்பு மச்சையை அடைகின்றன. முன்பு பெற்ற புற்றுநோய்ச் சிகிச்சையால் வந்த லுக்கேமியா, என்பு மச்சைக் கோளாறு முற்றி வந்த லுக்கேமியா போன்ற சில வகைகளுக்கே அது உரியது.

ஆகவே நாளை அப்பாவைப் பார்க்கப் போகும்போது அண்ணாவையும் அழைத்துச் செல்லுங்கள். அப்பாவுக்கு வந்திருப்பது எந்த வகை, மரபணுப் பரிசோதனை முடிவு என்ன, வைக்சியோஸ் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பதிலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். புரியாத சொல் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். அன்றே பதில் எழுதுகிறேன்.